பன்னிரண்டு ஸ்டோர் ரூம்கள்

மார்ச் 3

அண்ணா,

போனிலேயே கேட்டிருக்கலாம். கேட்டால் நீங்கள் "அது பெரிய கதைம்மா, நேர்ல பேசிக்கலாம்" என்பீர்கள். நானும் சரி என்று வைத்துவிடுவேன். அப்பா போன பிறகு இந்த மூன்று வருடமும் நமக்குள் பேச்சு அப்படித்தான் ஓடியிருக்கிறது. அதனால் எழுதுகிறேன். பதிலையும் எழுதியே அனுப்புங்கள். தாளில் எழுதியதைப் பிறகு இல்லை என்பது கஷ்டம்.

நம் வீட்டுக்குக் கிழக்கே காலியாகக் கிடந்த மனையில் ஆறு மாடிக் கட்டிடம் எழும்புகிறது. இரண்டாம் தளம் வரை வந்துவிட்டது. காம்பவுண்டிலிருந்து அவர்கள் சுவர் ஐந்தடி. நானே டேப் பிடித்து அளந்தேன். என் வேலை அறையின் ஒரே ஜன்னல் அந்தப் பக்கம்தான் இருக்கிறது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் செய்கிற ஒவ்வொரு பல்லும் யாரோ ஒருவர் வாயில் அவருடைய சொந்தப் பல்லுக்குப் பக்கத்தில் போய் உட்கார வேண்டியது. நிறம் ஒரு துளி மாறினாலும் சிரிக்கும்போது காட்டிக் கொடுத்துவிடும். டியூப் லைட்டில் வெள்ளையாகத் தெரிவது பகல் வெளிச்சத்தில் சாம்பலாகத் தெரியும். காலை பத்து மணி முதல் இரண்டு மணி வரை அந்த ஜன்னலில் வருகிற வெளிச்சத்தை நம்பித்தான் பதினோரு வருடமாகத் தொழில் செய்கிறேன். போன வாரம் பல் டாக்டர் இரண்டு பற்களைத் திருப்பி அனுப்பினார். "கண்ணாடி மாத்தணுமாம்மா உங்களுக்கு?" என்று வேறு கேட்டார். என் கண்ணுக்கு ஒன்றும் இல்லை.

நேற்று நகராட்சிக் கட்டிடப் பிரிவுக்குப் போனேன். அரை நாள் காக்க வைத்து அந்தக் கட்டிடத்தின் வரைபடத்தைக் காட்டினார்கள். கீழே வலது மூலையில், வரைபடம் தயாரித்த பொறியாளர் என்ற இடத்தில், ஒரு லைசென்ஸ் எண்ணும் கையெழுத்தும் இருந்தன. எட்டு மணி நேரப் பயணத் தூரத்தில் வேறு ஊரில் இருக்கிற ஒருவருடைய கையெழுத்து. கடைசி எழுத்தின் சுழி அப்பாவுடையதைப் போலவே கீழே இறங்கியது.

ஒரே கேள்வி. அது உங்கள் கையெழுத்தா?

தங்கை

*

மார்ச் 12

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை வக்கீல் நோட்டீஸைப் பிரிக்கிற மாதிரிப் பிரித்தேன். படித்து முடித்த பிறகும் அந்த எண்ணம் மாறவில்லை. சொந்த அண்ணனிடம் டேப்பையும் சாட்சியையும் வைத்துக்கொண்டு பேசுகிறாய்.

மாதத்துக்கு முப்பது நாற்பது வரைபடம் என் மேஜைக்கு வருகிறது. எந்த ஊர், எந்த மனை என்று எல்லாவற்றையும் நான் மனப்பாடம் செய்து வைத்திருப்பதில்லை. ஆனால் நீ கேட்கிற விஷயத்தில் விதி என்ன சொல்கிறது என்பதைச் சொல்கிறேன், நிதானமாகப் படி.

மனிதர் உட்காரவும் படுக்கவும் படிக்கவும் இருக்கிற அறை என்றால், அதன் தரைப் பரப்பில் பத்தில் ஒரு பங்காவது ஜன்னல் இருக்க வேண்டும். அந்த ஜன்னல் திறக்கிற பக்கம் வானம் தெரிகிற காலியிடமும் வேண்டும். ஆறு மாடிக்கு அது பத்தடி. குளியலறை, ஸ்டோர் ரூம் போல ஆள் தங்காத இடம் என்றால் ஐந்தடி போதும். உன் பக்கம் வருகிற பன்னிரண்டும் ஸ்டோர் ரூம்கள். ஆகவே ஐந்தடி. காகிதத்தில் தப்பு இல்லை.

இன்னொன்றையும் தெரிந்துகொள். புதிதாகக் கட்டுகிற வீட்டுக்குள் வெளிச்சம் போகிறதா என்றுதான் எங்கள் விதிப் புத்தகம் கேட்கும். பக்கத்து வீட்டுக்கு இத்தனை நாளாக வந்துகொண்டிருந்த வெளிச்சம் என்ன ஆகும் என்பதற்கு அதில் ஒரு வரிகூடக் கிடையாது. நான் எழுதிய விதி அல்ல இது.

இதைக் கிளற வேண்டாம் என்றுதான் சொல்வேன். நீ வேலை செய்கிற அறை அப்பா காலத்தில் கார் ஷெட்டாக அனுமதி வாங்கியது. ஜன்னலை அவர் பிறகு சொந்த இஷ்டத்துக்கு வைத்தார். கிளறினால் அதுவும் சேர்ந்து வெளியே வரும்.

கடைசியாக ஒன்று. வீட்டை விற்கிற யோசனை மாப்பிள்ளைக்கு இருப்பதாகக் கேள்விப்படுகிறேன். அப்படி ஏதும் இருந்தால், ஜன்னலைச் சாக்கு வைக்காமல் நேராகச் சொல்லிவிடுங்கள்.

அண்ணன்

*

மார்ச் 17

அண்ணா,

இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். "ஆமாம்" என்றும் இல்லை, "இல்லை" என்றும் இல்லை.

ஆனால் பதில் அதிலேயே இருக்கிறது. என் பக்கம் வருவது ஸ்டோர் ரூம் என்றோ, அவை பன்னிரண்டு என்றோ நான் எழுதவில்லை. என் கடிதத்தின் நகல் என்னிடம் இருக்கிறது, எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். எந்த மனை என்றே ஞாபகம் இல்லாதவருக்கு எண்ணிக்கை மட்டும் எப்படி ஞாபகம் வந்தது?

பன்னிரண்டு ஸ்டோர் ரூமில் அப்படி எதைத்தான் போட்டு அடைக்கப் போகிறார்கள் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மாடி வீட்டு அக்காவைக் கூட்டிக்கொண்டு அந்தக் கட்டிடத்தின் விற்பனை அலுவலகத்துக்குப் போனேன். வீடு வாங்க வந்த மாதிரி நடித்தோம். அக்கா என்னைவிட நன்றாக நடித்தாள். ஒரு பெண் வழவழ தாளில் அச்சடித்த படத்தை மேஜையில் விரித்தாள்.

"இது பசங்க ரூம் மேடம். கட்டில், படிக்கிற டேபிள் எல்லாம் தாராளமா வரும்."

"ஜன்னல் எங்கம்மா?"

"இருக்கே மேடம், இதோ மேல."

"இது வென்டிலேட்டர் மாதிரில்ல இருக்கு?"

"ஏசி போட்டுட்டா அப்புறம் யாரு மேடம் ஜன்னலத் தொறக்கப் போறா?"

அந்தத் தாளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நகராட்சியில் உள்ள வரைபடத்தில் ஸ்டோர் ரூம். விற்கிற தாளில் பசங்க ரூம். ஒரே அறை, ஒரே அளவு. நீங்கள் ஒரு சொல்லை மாற்றி எழுதியதில் ஐந்தடி காலியிடம் காணாமல் போயிருக்கிறது. அந்த ஐந்தடியில்தான் என் வெளிச்சம் இருந்தது.

வீட்டை விற்பதாக உங்களிடம் யார் சொன்னார்கள்? இந்த வீட்டில் அப்படி ஒரு பேச்சே இல்லை. அண்ணி சொன்னாளா? நான் போன் செய்கிறபோதெல்லாம் "அவர் சைட்டுக்குப் போயிருக்காரு" என்று ஒரே பாட்டைப் பாடுகிறாளே, அவளைத்தான் சொல்கிறேன். வீட்டுப் பங்கு பற்றி அவளுக்கு எப்போதுமே மனசில் ஒரு கணக்கு உண்டு.

இந்த மாதக் கடைசி வரை பொறுப்பேன். அதன் பிறகு மனு கொடுப்பேன்.

தங்கை

*

மார்ச் 29

தங்கச்சிக்கு,

பன்னிரண்டு என்று எழுதியது என் முட்டாள்தனம். உன்னிடம் சின்ன வயதிலேயே எதையும் மறைக்க முடிந்ததில்லை.

கையெழுத்து என்னுடையதுதான்.

நவம்பரில் அந்தக் கட்டுமானக் கம்பெனி மேனேஜர் இங்கே வந்தார். படம் ஏற்கெனவே வரைந்து தயாராக இருந்தது. சரிபார்த்துக் கையெழுத்துப் போட ஆள் தேவைப்பட்டது. மனையின் இடத்தைப் பார்த்ததும், "இது எங்க வீட்டுப் பக்கத்து மனையாச்சே" என்றேன். "தெரியும் சார், அதனாலதான் உங்ககிட்டயே வந்தோம். உங்க தங்கச்சி வீடும் சீக்கிரம் நம்மகிட்ட வருது. மாப்பிள்ளை பேசி முடிச்சிட்டாரு. உங்களுக்குச் சொல்லலையா?" என்றார்.

எனக்கு யாரும் சொல்லவில்லை. அப்பா காரியம் முடிந்த அதே மாதம் மாப்பிள்ளை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இந்த வீடு இப்போது என்ன விலை போகும் என்று கேட்டவர். அது மனசில் இருந்தது. நம்பிவிட்டேன். விற்கப் போகிற வீட்டின் ஜன்னலுக்கு வெளிச்சம் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன என்று போட்டுவிட்டேன்.

நீ மனு கொடுத்தால் முதலில் போவது என் லைசென்ஸ். உன்னை மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. நடக்கப் போவதைச் சொல்கிறேன். கொஞ்சம் அவகாசம் கொடு, அவர்களிடம் பேசி ஏதாவது வழி செய்கிறேன்.

இன்னொரு விஷயம், எனக்கு உறுத்துகிறது. நேற்று மேனேஜர் போன் செய்து, "உங்க தங்கச்சி எங்க ஆபீஸுக்கு வீடு பாக்க வந்திருந்தாங்க போல" என்று சிரித்தார். நீ போன விஷயம் அவருக்கு எப்படித் தெரிந்தது? அந்த மாடி வீட்டு அக்காவை நீ எவ்வளவு நம்புகிறாய்?

அண்ணி மேல் பழி போடாதே. அவளுக்கு இதில் எதுவும் தெரியாது.

அண்ணன்

*

ஏப்ரல் 5

அண்ணா,

மாடி வீட்டு அக்காவை எவ்வளவு நம்புகிறேன் என்று கேட்டீர்கள். உங்களை எவ்வளவு நம்பலாம் என்பதைப் பற்றி நான் சொல்கிறேன்.

நேற்று அந்த மேனேஜர் வீட்டுக்கே வந்தார். சைட் தொப்பியைக்கூடக் கழற்றாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என் மேஜையில் காய்ந்துகொண்டிருந்த பல் வரிசையை ஒரு தடவை பார்த்தார்.

"உங்க ரூம் கார் ஷெட்டுதானே மேடம்? பேப்பர்ல அப்படித்தான இருக்கு? இந்த ஜன்னலும் கணக்குல கிடையாது. நாங்களும் எதையும் கிளற வேணாம், நீங்களும் கிளற வேணாம். அனுசரிச்சுப் போயிடலாம்."

கார் ஷெட் விஷயம் எனக்கே உங்கள் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரியும். அப்பாவுக்கும் உங்களுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். அப்பா இப்போது யாரிடமும் போய்ச் சொல்ல மாட்டார். அதைவிட, "கிளற வேண்டாம்" என்பது உங்கள் கடிதத்தில் இருந்த அதே சொல். இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து பேசாமல் ஒரே சொல் இரண்டு வாயில் வருமா? "பேசி ஏதாவது வழி செய்கிறேன்" என்றீர்களே, இதுதான் அந்த வழியா?

உங்கள் மாப்பிள்ளை விலை கேட்டது உண்மை. அப்போது எனக்குப் பல் சுடுகிற உலை வாங்க பேங்கில் கடன் கேட்டிருந்தோம். வீட்டின் மதிப்பை எழுதச் சொன்னார்கள். அவருக்குத் தெரிந்த ஒரே பொறியாளர் நீங்கள்தான், கேட்டார். அந்த ஒரு கேள்வியை மூன்று வருடமாக மடித்து வைத்திருந்திருக்கிறீர்கள். வேடிக்கை என்னவென்றால், நான் நேற்று ராமாயணம் பாடி முடித்த பிறகும் இந்த மனிதர், "உங்க அண்ணன் அப்படிப் பண்ணியிருக்க மாட்டாரு, நீ எதையோ தப்பாப் புரிஞ்சுக்கிட்ட" என்கிறார்.

மூன்றாம் தளக் கான்கிரீட் போட்டுவிட்டார்கள். பகல் பதினோரு மணிக்கு என் அறையில் லைட் எரிகிறது. நிறம் பார்க்க மாதிரிப் பற்களைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் போய் நிற்கிறேன். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் என் கையில் இருக்கும் பல்லைப் பார்த்துவிட்டு ஓரமாக நடக்கிறார்கள்.

இன்று காலை மனு கொடுத்துவிட்டேன். விற்பனைத் தாளையும் சேர்த்தேன். இனி எழுத வேண்டாம்.

*

ஏப்ரல் 20

தங்கச்சிக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இதைப் படிக்காமல் கிழித்தாலும் சரி, எழுதிவிடுகிறேன்.

ஷெட் விஷயத்தை நான் சொல்லவில்லை. பழைய வரைபடங்கள் நகராட்சிப் பதிவறையில் இருக்கின்றன. விண்ணப்பம் எழுதிக் கொடுத்தால் யாருக்கும் நகல் கிடைக்கும். கம்பெனிக்காரர்கள் ஒரு மனையில் கை வைக்கும் முன் பக்கத்து வீடுகளின் பூர்வோத்தரத்தை எல்லாம் எடுத்து வைத்துக்கொள்வார்கள். "கிளற வேண்டாம்" என்ற சொல் இந்தத் தொழிலில் எல்லோர் வாயிலும் இருப்பது, என் வாயில் உட்பட. இதை நீ நம்ப மாட்டாய். உன் இடத்தில் இருந்தால் நானும் நம்ப மாட்டேன்.

போன கடிதத்தில் நான் சொன்னது முழு உண்மை இல்லை. மேனேஜர் சொன்னதை நம்பினேன் என்று எழுதினேன். நம்ப ஆசைப்பட்டேன் என்பதுதான் சரி. ஒரு போன் போட்டு உன்னைக் கேட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும். கேட்கவில்லை. என்னிடம் சொல்லாமல் விற்கிறார்கள், அனுபவிக்கட்டும் என்று நினைத்தேன். அது உன் ஜன்னல் என்று தெரிந்தே கோபத்தில் போட்ட கையெழுத்து அது. பேனாவை மூடும்போது மனசுக்குக் கொஞ்சம் இதமாகக்கூட இருந்தது. இதை எழுத எனக்குப் பதினைந்து நாள் பிடித்திருக்கிறது.

ஸ்டோர் ரூம் என்று எழுதுவது எனக்குப் புதிது இல்லை. எல்லோரும் செய்கிறார்கள் என்று நானும் செய்து வந்தேன். போன வியாழக்கிழமை, ஒன்பது வருடத்துக்கு முன் நான் கையெழுத்திட்ட ஒரு கட்டிடத்தைத் தேடிப் போனேன். ஏன் போனேன் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. முதல் மாடியில் ஒரு வீட்டின் மணியை அடித்தேன். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் கதவைத் திறந்தார். கட்டிடத்தைச் சோதிக்க வந்ததாகப் பொய் சொன்னேன். நல்ல மனிதர், உள்ளே கூப்பிட்டுக் காட்டினார். மகனும் மருமகளும் பெரிய அறையில். இவருக்கு என் ஸ்டோர் ரூம். மதியம் பன்னிரண்டு மணிக்கு உள்ளே விளக்கு எரிந்தது. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டிடத்தின் பூசாத செங்கல்.

"மழை பேஞ்சாலும் எனக்குத் தெரியாது சார். மருமக மாடிக்கு ஓடிப் போய்த் துணி எடுக்கற சத்தம் கேட்டா, ஓ மழை போலன்னு நெனச்சுக்குவேன்" என்றார். புகாராகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். முப்பது வருடம் பஸ்ஸின் ஜன்னல் ஓரமாக நின்று பிழைத்த மனிதர்.

மே 14 விசாரணைக்கு எனக்கும் நோட்டீஸ் வந்திருக்கிறது. வருவேன். என்ன சொல்வேன் என்று கேட்காதே. எனக்கே தெரியவில்லை.

அண்ணன்

*

மே 16

அண்ணா,

உங்கள் கடிதத்தைக் கிழிக்கவில்லை. பதிலும் போடவில்லை. விசாரணையில் என்ன சொல்கிறீர்கள் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று வைத்திருந்தேன்.

நீங்கள் சாட்சி சொன்ன கையோடு என் பக்கம் திரும்பாமல் வெளியேறிவிட்டீர்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதாக அங்கிருந்த குமாஸ்தா சொன்னார். அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்காது.

அதற்கு முன், அந்த அம்மா, அதுதான் விசாரணை அதிகாரி, மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு உங்களைக் கேட்டதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

"கையெழுத்து உங்களோடதுதானா?"

"ஆமாம்மா."

"இந்தப் பன்னெண்டும் ஸ்டோர் ரூம்தானா?"

நீங்கள் குனிந்து மேஜையில் கிடந்த வரைபடத்தைப் பார்த்தீர்கள். சரி, ஆமாம் என்று சொல்லப் போகிறார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"இல்லம்மா. ஸ்டோர் ரூமுக்கு யாரும் அட்டாச்டு பாத்ரூம் வைக்க மாட்டாங்க. படுக்கிற ரூம்னு தெரிஞ்சேதான் கையெழுத்துப் போட்டேன்."

நீங்கள் போன பிறகு கம்பெனி வக்கீல் எழுந்து, புகார் கொடுத்தவர் அறையே அனுமதி இல்லாத அறை என்றார். அதிகாரி என்னைக் கேட்டார். இருக்கிற உண்மையைச் சொன்னேன். உடனே ஒரு ஆளை அளந்து வரச் சொல்லி அனுப்பினார். மதியம் அவர் வந்து, அறை நூற்றிருபது சதுர அடி, ஜன்னல் ஒன்பது சதுர அடி என்றார். அதிகாரி மனசுக்குள் ஏதோ கணக்குப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "ஏம்மா, வெளிச்சம் இல்லன்னு புகார் கொடுத்தீங்க. உங்க ஜன்னலே மூணு சதுர அடி கம்மியா இருக்கே? பெருசு பண்ணிட்டு, அனுமதிக்கு எழுதிக் கொடுங்க." வக்கீலைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள்.

உத்தரவு இதுதான். கட்டி முடித்த மூன்று தளங்களை இடிக்கச் சொல்லவில்லை. ஆனால் அந்த ஆறு அறைகளின் நடுச் சுவரையும் எடுத்து, ஹாலோடு சேர்த்துவிட வேண்டும். நான்காம் தளத்திலிருந்து ஐந்தடி உள்ளே தள்ளிக் கட்ட வேண்டும். எனக்குப் பழைய வெளிச்சம் திரும்பி வராது. பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை கிடைக்கும் என்று அளக்க வந்தவர் சொன்னார். போதும், நிறம் பார்க்கிற வேலையை மட்டும் அந்த இரண்டு மணி நேரத்துக்குள் வைத்துக்கொள்வேன்.

நியாயமாக நான் இத்தோடு நன்றி சொல்லி முடிக்க வேண்டும். முடியவில்லை. அன்று காலை எட்டரை மணிக்கே நீங்கள் வந்துவிட்டதாகவும், எதிர்க் கடையில் அந்த மேனேஜரோடு டீ குடித்துக்கொண்டிருந்ததாகவும் அதே குமாஸ்தா சொன்னார். அரை மணி நேரம். அவரோடு உங்களுக்கு என்ன டீ? என் கையில் விற்பனைத் தாள் இருக்கிறது, எப்படியும் மாட்டிக்கொள்வோம் என்று கணக்குப் போட்டு, முந்திக்கொண்டு ஒப்புக்கொண்டீர்களா? கேட்காமல் விட்டால் எனக்கு உள்ளேயே இருந்துகொண்டு குடையும். கேட்டுவிட்டேன்.

தங்கை

*

மே 25

தங்கச்சிக்கு,

டீ குடித்தது உண்மை. அவர் கூப்பிட்டார், போனேன். "கவனிக்காம போட்டுட்டேன், வேலை ஜாஸ்தின்னு சொல்லிடுங்க சார். அபராதத்தோட போயிடும். உங்க லைசென்ஸுக்கு ஒண்ணும் ஆகாது. வக்கீல்கிட்ட பேசிட்டோம்" என்றார். சரி என்று தலையாட்டினேன். டீ தீர்ந்தபோது நான் அப்படித்தான் சொல்வதாக இருந்தேன். இதையும் உனக்கு எழுதாமல் விட்டிருக்கலாம்.

அந்த அம்மா கேள்வி கேட்டபோது பதில் வாய் வரை வந்துவிட்டது. அப்போது வரைபடம் எனக்கு நேரே மேஜையில் விரித்துக் கிடந்தது. ஒவ்வொரு ஸ்டோர் ரூமுக்கும் பக்கத்தில் குட்டியாக ஒரு குளியலறை. பெரியவர்கள் ஐந்து பேர் அதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம். கவனிக்காமல் போட்டேன் என்று அதைப் பார்த்துக்கொண்டே சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. உன்னை நினைத்தேன் என்றோ கண்டக்டரை நினைத்தேன் என்றோ எழுதினால் நன்றாக இருக்கும். அந்த நேரத்தில் இருந்தது வெட்கம் மட்டும்தான். உன் பக்கம் திரும்பாமல் போனதும் அதனால்தான்.

லைசென்ஸை மூன்று வருடத்துக்கு நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஒரு மரக் கடையில் அளவெடுக்கிற வேலைக்குப் பேசியிருக்கிறேன். கதவு, நிலை, அலமாரி. யாரையும் ஏமாற்ற வாய்ப்பில்லாத வேலை, அரை அங்குலம் தப்பினால் கதவு மூடாது.

லைசென்ஸ் கொடுத்தது உங்கள் ஊர் அலுவலகம் என்பதால், இன்னொரு காரியமும் அங்கே செய்திருக்கிறேன். இதற்கு முன் எந்தெந்தக் கட்டிடத்தில் படுக்கை அறையை ஸ்டோர் ரூம் என்று எழுதினேனோ, அவற்றின் பட்டியலை எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். யாரும் கேட்கவில்லை. அந்தந்த ஊர் அலுவலகத்துக்கு அவர்கள் அனுப்பி வைப்பார்கள். எத்தனை பேர் என்னைச் சபிக்கப் போகிறார்களோ தெரியாது.

ஜன்னலைப் பெரிதாக்கும்போது மேலே சுவரைத் தாங்குகிற லின்டலை மாற்றாமல் அகலத்தைக் கூட்ட வேண்டாம் என்று கொத்தனாரிடம் சொல்.

அண்ணன்

*

ஜூன் 6

அண்ணா,

கொத்தனார் முந்தாநாள் சுவரை உடைத்தார். லின்டலை மாற்றித்தான் அகலம் கூட்டினார். வீடு முழுக்கச் சிமெண்ட் தூசி. உலைக்கு மேல் பழைய போர்வையைப் போர்த்தி வைத்திருக்கிறேன்.

இப்போது எழுதப் போவதைப் படித்துவிட்டு நீங்கள் கோபப்பட்டால் அது நியாயம்தான். பட்டியல் அனுப்பினேன் என்று எழுதியிருந்தீர்கள். நான் நம்பவில்லை. "அவரே எழுதியிருக்காரு, இதுக்கு மேல என்ன வேணும்?" என்று இவர் சொல்லியும் கேட்காமல் நேற்று நகராட்சிக்குப் போய் அந்தத் தாளைக் காட்டச் சொன்னேன். குமாஸ்தாவுக்கு இப்போது என்னைப் பார்த்தாலே அலுப்பு. "உங்க அண்ணன் லிஸ்ட்டா? அதோ அந்தக் கட்டுல இருக்கு பாருங்க. தானே எழுதி அனுப்பித் தன்னை மாட்டி விட்டுக்கற ஆள நான் இப்பதாம்மா பாக்கறேன்" என்று எடுத்துக் கொடுத்தார்.

இருந்தது. தேதி, பதிவு எண், உங்கள் கையெழுத்து, எல்லாம் இருந்தன. அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன். மொத்தம் எட்டு. ஒவ்வொன்றுக்கும் முகவரி, தளம், எத்தனை அறை என்று விவரமாக எழுதியிருந்தீர்கள். மூன்றாவது, அந்த பஸ் கண்டக்டர் வீடு என்று நினைக்கிறேன்.

எட்டாவது முகவரியைப் படித்துவிட்டு முதலில் ஏதோ எழுத்துப்பிழை என்று நினைத்தேன். இரண்டாம் தளம், வீட்டு எண் நான்கு. ஸ்டோர் ரூம் என்று காட்டி அனுமதி பெற்ற அறை, தற்போது படுக்கை அறையாகப் பயன்பாட்டில். அந்த முகவரிக்குத்தான் நான் மார்ச்சிலிருந்து கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அது உங்கள் பாப்பாவின் அறைதானே? அவள் பிறந்ததிலிருந்து அந்த அறையிலா தூங்குகிறாள்? நாளைக்கு உங்கள் ஊர் ஆட்கள் அளக்க வந்தால் அவளை ஹாலில் படுக்க வைப்பீர்களா? இதை நீங்கள் எழுதியிருக்க வேண்டியதில்லை. ஏழோடு நிறுத்தியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது, தோண்டித் துருவுகிற எனக்கும்கூட.

குமாஸ்தாவிடம் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வராமல் கொஞ்ச நேரம் அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒரே கவலை. வீட்டுக்குள் நீங்கள் இதை எப்படிச் சமாளிக்கப் போகிறீர்கள்? சொந்த வீட்டையே காட்டிக் கொடுத்தால் எந்தப் பெண்தான் பொறுப்பாள்? அண்ணிக்கு இது தெரியுமா?

தங்கை

*

ஜூன் 11

தங்கச்சிக்கு,

தெரியும்.

பட்டியலை நான் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துதான் எழுதினேன். ஏழு எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். கவரில் வைக்கும் முன் அண்ணி கேட்டு வாங்கி, நின்றபடியே படித்தாள். படித்துவிட்டுத் தாளை என் முன்னால் திருப்பி வைத்தாள்.

"எட்டாவது எங்க?" என்றாள்.

அண்ணன்